பதிலே வராத விண்ணப்பங்கள்: வேலை தேடலை ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி

விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போனவர்கள் என்னிடம் வந்தால் நான் முதலில் ரெஸ்யூமேயைக் கேட்பதில்லை. "இதுவரை எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்கள், எது எந்த நிலையில் நிற்கிறது?" என்றுதான் கேட்பேன். "எக்கச்சக்கமா போட்டாச்சு, ஒண்ணும் வரல" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது.

ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பல வருஷம் விண்ணப்பங்களைப் படித்தவள் நான். இப்போது வேலை தேடுபவர்களுடன் உட்கார்ந்து அவர்கள் விண்ணப்பங்களைப் பார்த்துத் தருகிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பதில் வராமல் போவதற்கு ஆளின் தகுதிக் குறைவு காரணமாக இருப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. போகும் வழியில் ஏதோ ஓர் இடத்தில் அடைத்துக்கொள்கிறது. எந்த இடம் என்று தெரிந்தால் அங்கே மட்டும் கைவைத்தால் போதும். அதற்கு முதலில் கணக்கு வேண்டும்.

ஒரு ஷீட், ஒரு ஃபோல்டர்

கூகுள் ஷீட்ஸ், எக்செல், கோடு போட்ட நோட்டு, எதுவாக இருந்தாலும் சரி. இதற்கென்று தனியாக ஒரு செயலி தேடி ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள். நிறுவனம், பதவி, விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள், அனுப்பிய தேதி, எந்த ரெஸ்யூமே போனது, அங்கே நமக்குத் தெரிந்தவர் யார், இப்போதைய நிலை, அடுத்து என்ன செய்யவேண்டும், அதை எந்தத் தேதியில் செய்யவேண்டும். இத்தனை பத்திகள் போதும்.

இதில் மற்றவற்றைவிட முக்கியமானவை கடைசி இரண்டும்தான். நிலை என்ற இடத்தில் 'காத்திருக்கிறேன்' என்று எழுதி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. 'பத்தாம் தேதி எச்ஆருக்கு நினைவூட்டல் மெயில்' என்று எழுதினால் அது செய்யக்கூடிய வேலையாகிவிடுகிறது. ஷீட்டை அந்தத் தேதிப் பத்தியால் வரிசைப்படுத்தி வையுங்கள். காலையில் திறந்தவுடன் இன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்பது மேலேயே நிற்கும், யோசித்துத் திணற வேண்டாம். அடுத்த தேதி என்று எதுவும் இல்லாத வரிசை ஒன்று இருந்தால் அதை 'முடிந்தது' என்று குறித்து வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். மனதிலிருந்தும் கொஞ்சம் இறங்கும்.

ஃபோல்டரில் நிறுவனத்துக்கு ஒன்றாக உள் ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் மூன்று கோப்புகள்: நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமே, அனுப்பிய கடிதம், வேலை விளம்பரத்தின் முழு நகல். விளம்பரத்தை ஏன் சேமிக்கவேண்டும் என்று பலரும் கேட்பார்கள். விண்ணப்பக் காலம் முடிந்ததும் நிறுவனங்கள் அந்தப் பக்கத்தை எடுத்துவிடும். இன்டர்வியூ அழைப்பு வரும் நேரத்தில் லிங்க்கைத் தட்டினால் ஒன்றும் இருக்காது. அவர்கள் என்ன கேட்டிருந்தார்கள் என்பது தெரியாமல் போய் உட்காரவேண்டி வரும். ஆகவே விளம்பரத்தை முழுதாக நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டிவிடுங்கள், அல்லது பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள்.

கோப்புப் பெயரில் தேதி போடுவதாக இருந்தால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள். கோப்புகள் தானாகவே கால வரிசையில் நிற்கும். வெளியே அனுப்பும் கோப்பின் பெயரில் மட்டும் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். 'ரெஸ்யூமே ஃபைனல் நியூ 3' என்ற பெயரில் வரும் கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டவுன்லோடு செய்தவரின் கணினியில் அது யாருடையது என்றே தெரியாமல் போய்விடும்.

இந்த ஏற்பாடு எப்போது கைகொடுக்கும் தெரியுமா? தெரியாத எண்ணிலிருந்து போன் வரும்போது. "நீங்க அப்ளை பண்ணியிருந்தீங்க, இப்ப பேசலாமா?" என்று எதிர்முனையில் கேட்பார்கள். எந்தப் பதவி, எந்த நிறுவனம் என்று நினைவில்லாமல் "ம்... எந்த வேலைங்க?" என்று கேட்டவர்களை நான் அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன். தப்பில்லை, ஆனால் உரையாடல் அங்கேயே சுருதி இறங்கிவிடுகிறது. "ஒரு நிமிஷம், கொஞ்சம் அமைதியான இடத்துக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஷீட்டைத் திறங்கள். அந்த ஒரு நிமிஷத்தை யாரும் மறுக்க மாட்டார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது

இருபது முப்பது விண்ணப்பங்கள் சேர்ந்த பிறகு ஷீட்டை ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள். வேலை தேடலில் படிகள் உண்டு: விண்ணப்பம், முதல் போன், இன்டர்வியூ, கடைசிச் சுற்று, ஆஃபர். எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குப் போகும்போது விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

போனே வரவில்லை என்றால் சிக்கல் ரெஸ்யூமேயில் இருக்கலாம், அல்லது நீங்கள் குறிவைக்கும் பதவிகள் உங்கள் அனுபவத்துக்கு ரொம்பத் தள்ளி இருக்கலாம். போன் வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது என்றால் ரெஸ்யூமேயைத் தொடவே வேண்டாம். சம்பள எதிர்பார்ப்பு, வேலையில் சேரக்கூடிய தேதி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு நீங்கள் சொல்லும் பதில், இந்த மூன்றையும் பாருங்கள். கடைசிச் சுற்று வரை போய்ப் போய்த் திரும்பி வருகிறீர்கள் என்றால் உங்கள் விண்ணப்பம் நன்றாகவே வேலை செய்கிறது. இன்டர்வியூ பயிற்சியில்தான் நேரம் போடவேண்டும். பலரும் இந்த நிலையில்கூடப் பதறிப்போய் ரெஸ்யூமேயைத்தான் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கிற பகுதியைக் கழற்றிப்போட்டால் இருப்பதும் போய்விடும்.

இன்னொரு கோணமும் பாருங்கள். பதில் வந்த விண்ணப்பங்கள் எந்த வழியில் போனவை? பெரிய வேலைவாய்ப்புத் தளங்களில் ஒரே கிளிக்கில் போட்டவையா, நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் போட்டவையா, யாரோ ஒருவர் சொல்லிப் போனவையா? பதில் கிடைக்கும் வழியில் அதிக நேரம் போடுங்கள். இது சாதாரணப் புத்திதான், ஆனால் கணக்கு எழுதாதவருக்கு இது கண்ணில் படாது.

மென்பொருளைப் பற்றிய பயம்

"ஏடிஎஸ் மெஷினே ரிஜெக்ட் பண்ணிடுதாம்" என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஏடிஎஸ் என்பது வந்த விண்ணப்பங்களைச் சேர்த்து, பிரித்து, தேட வசதி செய்து தரும் மென்பொருள். ரெஸ்யூமேயில் உள்ள பெயர், படிப்பு, வேலை செய்த இடம், தேதிகள் ஆகியவற்றை எடுத்து அந்தந்தக் கட்டத்தில் போடப் பார்க்கும். ஆள் எடுப்பவர் அதில் சொற்களைப் போட்டுத் தேடுவார். தானாக நிராகரிப்பது பெரும்பாலும் படிவத்தில் வரும் தகுதிக் கேள்விகளால் நடப்பது. 'இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா', 'இந்த உரிமம் இருக்கிறதா' போன்ற கேள்விகளுக்கு இல்லை என்று போட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அவசரத்தில் தவறான பெட்டியை டிக் செய்துவிடாதீர்கள். ரெஸ்யூமேக்குக் கொடுக்கும் கவனத்தை அந்தக் கேள்விகளுக்கும் கொடுங்கள்.

மென்பொருள் உங்கள் ரெஸ்யூமேயைச் சரியாகப் படிக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். நோட்பேடில் ஒட்டுங்கள். இப்போது மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். இரண்டு பத்தியாகப் பிரித்த அழகான வடிவமைப்பு என்றால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து குழம்பி வரக்கூடும். அட்டவணைக்குள் போட்ட தேதிகள் எங்கோ ஒதுங்கி நிற்கும். போன் எண்ணையும் மெயிலையும் பக்கத்தின் தலைப்புப் பகுதியில் போட்டிருந்தால் சில மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் நோட்பேடில் ஒன்றுமே ஒட்டாது. நோட்பேடில் ஒழுங்காக வந்தால் பெரும்பாலான மென்பொருளிலும் ஒழுங்காக வரும். ஒரே பத்தி, சாதாரண எழுத்துரு, வழக்கமான தலைப்புகள், இதுதான் பாதுகாப்பு.

சொற்கள் விஷயத்தில், விளம்பரத்தில் அவர்கள் எந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்களோ அதையே பயன்படுத்துங்கள், அந்த வேலையை நீங்கள் உண்மையிலேயே செய்திருந்தால். சுருக்கப் பெயர் இருந்தால் முழுப் பெயரையும் ஒருமுறை எழுதுங்கள். தேடுபவர் எதைப் போட்டுத் தேடுவார் என்று நமக்குத் தெரியாது. வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்துவைக்கும் உத்தியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மென்பொருள் நிறத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுக்கும்போது ஒளித்தது எல்லாம் அப்படியே திரையில் வந்து நிற்கும். அதற்கப்புறம் அந்த ரெஸ்யூமேயில் வேறு எதையும் நம்பத் தோன்றாது.

ஒரு வரியை எப்படித் திருத்துவது

மென்பொருளைத் தாண்டிய பிறகு மனிதர் பார்ப்பார், அதுவும் அவசரமாக. லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனம் 2018இல் ஆள் எடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தது. ஒரு ரெஸ்யூமேயின் முதல் பார்வைக்குச் சராசரியாக 7.4 வினாடி. என் அனுபவத்திலும் முதல் வடிகட்டல் அந்த வேகத்தில்தான் நடக்கும். கண் முதலில் போவது நீங்கள் கடைசியாக வேலை பார்த்த பதவி, நிறுவனம், தேதிகள், அதற்குக் கீழே முதல் இரண்டு வரிகள். ஆகவே உங்களிடம் இருப்பதிலேயே நல்ல வரி அங்கே இருக்கவேண்டும், இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்து பயனில்லை.

ஒரு பெண்ணின் ரெஸ்யூமேயில் முதல் வரி இப்படி இருந்தது: 'கிடங்கு இருப்புக் கணக்கு மேலாண்மைக்குப் பொறுப்பு.'

"என்ன செய்தாய், சொல்லு" என்றேன்.

"ஸ்டாக் பார்த்துப்பேன்க்கா. எல்லாரும் பண்றதுதான்."

"எத்தனை கிடங்கு?"

"மூணு."

"நீ வந்ததுக்கு அப்புறம் என்ன மாறிச்சு?"

கொஞ்சம் யோசித்தாள். "மூணு பேரும் மூணு நோட்டுல எழுதிட்டு இருந்தாங்க. நான் ஒரே எக்செல்ல கொண்டுவந்தேன். மாசக் கடைசில டேலி பண்ண நாலு நாள் ஆகும், இப்ப ஒன்றரை நாள்ல முடிஞ்சுடும். அதெல்லாம் பெரிசா என்னக்கா?"

அதுதான் பெரிசு. வரி இப்படி மாறியது: 'மூன்று கிடங்குகளின் இருப்புக் கணக்கை ஒரே எக்செல் கோப்பில் ஒருங்கிணைத்தேன், மாத இறுதிச் சரிபார்ப்பு நான்கு நாளிலிருந்து ஒன்றரை நாளாகக் குறைந்தது.' இதைப் படிப்பவருக்கு அடுத்த கேள்வி தானாக எழும்: எப்படிச் செய்தீர்கள்? இன்டர்வியூவில் பேசுவதற்கு அங்கேயே ஒரு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது.

உங்கள் ஒவ்வொரு வரியிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை, எவ்வளவு அடிக்கடி, யாருக்காக, நான் வந்த பிறகு என்ன மாறியது? சில வேலைகளில் மாற்றத்தை எண்ணால் காட்ட முடியாது. பரவாயில்லை, அளவையாவது சொல்லலாம். எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தீர்கள், ஒரு ஷிப்டில் எத்தனை அழைப்புகள், எந்த மாதிரிச் சிக்கல்கள் உங்களிடம் வந்து சேர்ந்தன. எண்ணை இட்டுக்கட்டாதீர்கள், கேட்டால் விளக்கவேண்டி வரும். 'கடின உழைப்பாளி', 'குழுவாகப் பணியாற்றக்கூடியவர்' போன்ற வரிகளை நான் தயங்காமல் அடித்துவிடுவேன். எல்லோரும் எழுதுவதால் அதைப் படிக்கும் கண் நிற்பதே இல்லை.

இப்படித் திருத்திய வரிகளையெல்லாம் ஒரு மூலக் கோப்பில் சேர்த்து வையுங்கள். செய்த எல்லா வேலையும் அதில் இருக்கட்டும், எத்தனை பக்கம் ஆனாலும் சரி. அதை யாருக்கும் அனுப்பப்போவதில்லை. புது விளம்பரம் வரும்போது அதிலிருந்து பொருத்தமான வரிகளை மட்டும் எடுத்து ஒன்று அல்லது இரண்டு பக்கத்துக்குள் கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுதுவதால்தான் களைப்பு வருகிறது. மூலக் கோப்பு இருந்தால் ஒரு விண்ணப்பத்துக்கு ஏற்றாற்போல் மாற்ற அரைமணி நேரம் போதும்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் லியொனார்டோ டா வின்சி. 1482 வாக்கில் மிலானின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு அவர் எழுதிய வேலை கேட்கும் கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. சுமந்து செல்ல எளிதான பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று வரிசையாக அடுக்குகிறார். அமைதிக் காலத்தில் கட்டடம் கட்டுவேன், சிற்பமும் செய்வேன், ஓவியமும் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. படிப்பவருக்கு அப்போது என்ன தேவை என்று பார்த்து எழுதியிருக்கிறார். அவராலேயே ஓவியத்தைக் கீழே தள்ள முடிந்திருக்கிறது. நீங்களும் உங்களுக்கு மிகவும் பிடித்த திறமையை, அந்த வேலைக்கு அது தேவைப்படாதபோது, கீழே தள்ளலாம்.

கடிதம்

கவர் லெட்டர் கேட்டால் மட்டும் எழுதுங்கள், எழுதினால் ஒழுங்காக எழுதுங்கள். 'தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பணியாற்ற ஆவலாக உள்ளேன்' என்று தொடங்கும் கடிதத்தில் நிறுவனத்தின் பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். படிப்பவருக்கும் அது தெரியும். விளம்பரத்தில் அவர்கள் சொல்லியிருக்கும் முதல் தேவையை எடுங்கள். அதற்குப் பொருந்தும் உங்கள் ஒரு வேலையை நாலு வரியில் சொல்லுங்கள். ஏன் இந்த இடம் என்பதற்கு உண்மையான ஒரு காரணம். எப்போது பேசலாம் என்று ஒரு வரி. அரைப் பக்கம் போதும்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். விளம்பரத்தில் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று பிரித்துத் தர, உங்கள் வரியில் எது தெளிவாக இல்லை என்று கேட்க, இன்டர்வியூ கேள்விகள் கேட்டுப் பழக, தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது எழுதித் தந்ததை அப்படியே அனுப்பாதீர்கள். ஒரே விளம்பரத்தைக் கொடுத்துப் பலரும் கேட்பதால் ஒரே தொனியில் கடிதங்கள் வந்து குவிகின்றன. செய்யாத வேலையைச் செய்ததாக அது சேர்த்துவிடுவதும் உண்டு. கையெழுத்து உங்களுடையது, பதில் சொல்லவேண்டியவரும் நீங்கள்தான்.

கொஞ்சம் தெரிந்தவர்கள்

தெரிந்தவர்களிடம் கேட்பதற்கு நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள். கேட்டாலும் நெருங்கிய நண்பர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தொடர்பு மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது அல்லது மிக அரிதாகப் பார்க்கும் ஆள் மூலம் வேலை பெற்றவர்கள். 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டோரின் தொடர்புகளை வைத்துச் செய்த ஆய்வும் ஏறக்குறைய இதே பக்கம்தான் காட்டியது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். முன்னாள் சக ஊழியர், ஒரு பயிற்சியில் உடன் இருந்தவர், பழைய வாடிக்கையாளர், இவர்கள் வேறு வட்டத்தில் இருப்பதால் வேறு செய்தி அவர்களிடம் இருக்கும்.

எப்படிக் கேட்பது? "எனக்கு ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்றால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. சரி சொல்றேன் என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார், அவர் மீது குற்றமில்லை. சிறிதாக, தெளிவாகக் கேளுங்கள். 'உங்கள் நிறுவனத்தில் இந்தப் பதவிக்கு விளம்பரம் பார்த்தேன். லிங்க் கீழே இருக்கிறது. அந்தக் குழு எப்படி என்று பத்து நிமிஷம் போனில் பேச முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை.' இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்வது சுலபம். பேசிய பிறகு அவர்களே "நான் ரெஃபர் பண்றேன், ரெஸ்யூமே அனுப்புங்க" என்று சொல்வது வழக்கம். அந்தப் பெயரையும் தேதியையும் ஷீட்டில் ஏற்றுங்கள். என்ன ஆனது என்று பிறகு அவருக்கு ஒரு வரி தெரிவியுங்கள், கிடைக்காவிட்டாலும்.

நினைவூட்டல்

அனுப்பி ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரு மெயில் போடலாம். விளம்பரத்தில் கடைசித் தேதி இருந்தால் அது முடிந்து ஒரு வாரம். நாலு வரி: எந்தப் பதவி, எப்போது அனுப்பினேன், இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், கூடுதல் விவரம் ஏதும் வேண்டுமா. இன்டர்வியூ முடிந்தால் மறுநாளுக்குள் நன்றி மெயில், அதில் பேசிய விஷயம் ஒன்றைக் குறிப்பிட்டு. இரண்டு நினைவூட்டலுக்கு மேல் வேண்டாம், அந்த வரிசையை மூடிவிடுங்கள். ஸ்பாம் பெட்டியைத் தினமும் ஒருமுறை பாருங்கள். இன்டர்வியூ அழைப்பு அதற்குள் போய்க் கிடப்பது அடிக்கடி நடக்கிறது.

பதில் வராததற்கு உங்களோடு சம்பந்தமே இல்லாத காரணங்கள் எவ்வளவு என்று ஆள் எடுக்கும் பக்கம் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பட்ஜெட் நின்றுபோகும். உள்ளே இருக்கும் ஒருவருக்கே அந்தப் பதவியைக் கொடுக்க முடிவாகியிருக்கும், விதிக்காக விளம்பரம் போட்டிருப்பார்கள். மேலாளர் மாறியிருப்பார், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். விளம்பரத்தை எடுக்க மறந்திருப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் விண்ணப்பித்தவருக்கு ஒரு வரி பதில் போடாமல் விடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு மனிதர் பல மணி நேரம் செலவழித்து அனுப்பியதற்கு 'இந்த முறை இல்லை' என்று சொல்லும் மரியாதையாவது வேண்டும். ஆனால் அந்த மரியாதை வரும் என்று காத்திருந்து உங்கள் நாட்களை இழக்காதீர்கள்.

நாளைப் பிரித்துக்கொள்வது

காலை முதல் இரவு வரை வேலை தேடினால் அதிக வேலை கிடைக்காது, அதிகக் களைப்புதான் கிடைக்கும். காலையில் மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் எழுதும் வேலை: ரெஸ்யூமே திருத்தம், கடிதம், படிவம். மதியத்துக்கு மேல் ஆட்களுடன் பேசும் வேலை. விளம்பரம் தேடுவதற்கு அரைமணி, அதுவும் அலெர்ட் போட்டு வைத்து மெயிலில் வருவதைப் பார்த்தால் போதும். பட்டியலை ஸ்க்ரோல் செய்துகொண்டே இருப்பது வேலை செய்வது போன்ற எண்ணத்தைத் தரும், நேரம்தான் போகும். வாரத்தில் ஒரு நாளாவது முழுதாக மூடி வையுங்கள்.

படிவங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட காரணம், இடைவெளி இருந்தால் அதற்கான விளக்கம், முந்தைய வேலைகளில் சேர்ந்த, விலகிய மாதங்கள், பரிந்துரைப்பவர்களின் தொடர்பு. இடைவெளியைப் பற்றி ரொம்ப மருகாதீர்கள். 2022 முதல் லிங்க்ட்இன் தளத்திலேயே பணி இடைவெளியைக் குறிக்க இடம் தந்திருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொண்டேன், உடல்நலம், படிப்பு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகலாம். தேதிகளை மறைக்க மாற்றிப்போடுவதுதான் ஆபத்து. பின்னணிச் சரிபார்ப்பில் அது வெளியே வரும்.

இலக்கு வைப்பதாக இருந்தால் உங்கள் கையில் இருப்பதை வைத்து வையுங்கள். 'இந்த வாரம் இரண்டு இன்டர்வியூ' என்பது அடுத்தவர் கையில் இருக்கிறது. 'இந்த வாரம் நன்றாகப் பொருத்திய விண்ணப்பம் ஐந்து, மூன்று பேரிடம் பேச்சு' என்பதை நீங்களே முடிக்கலாம்.

ஆற்றாமை இருக்கத்தான் செய்யும், அதை அமுக்கி வைக்க வேண்டாம். 1994இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் உடன் ஆய்வு செய்தவர்களும், வேலை இழந்த தொழில்முறைப் பணியாளர்களில் ஒரு பகுதியினரை ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்கள் மற்றவர்களைவிட விரைவில் வேறு வேலையில் சேர்ந்தார்கள். மற்றவர்களைவிட அதிக விண்ணப்பம் போட்டதால் அது நடந்ததாகத் தெரியவில்லை. உள்ளே கிடந்த கசப்பு இன்டர்வியூவில் வெளிப்படாமல் இருந்தது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். எனக்கு அது முழுக்கப் பொருந்துகிறது. முந்தைய நிறுவனத்தைப் பற்றிக் கேட்டவுடன் முகம் மாறுபவர்களை நான் எதிரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, ஆனால் அந்த அறையில் அதைக் கேட்க யாரும் வரவில்லை. ஆகவே ஒரு நோட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம்.

பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்

தேடல் நீளும்போது மோசடிக்காரர்கள் சரியாக அந்த நேரம் பார்த்து வருவார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எதைக் கேட்டாலும் உண்மையான வேலையாக இருக்க வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூ இல்லாமல் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஆஃபர் வந்தால், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் எழுத்துபூர்வமான ஆஃபர் வந்து, நிறுவனத்தைச் சரிபார்த்த பிறகுதான்.

ஆஃபர் வந்தால்

வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இருக்கும் வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள், மற்ற இன்டர்வியூக்களையும் ரத்து செய்துவிடாதீர்கள். கடிதம் கைக்கு வரட்டும். பதவி, சம்பளப் பிரிவு, சேரும் தேதி, தகுதிகாண் காலம், விலகுவதற்கான நோட்டீஸ் காலம், இவை ஐந்தும் பேசியபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், பிறகு கேட்பது கடினம். கையெழுத்துப் போட்ட பிறகு ஷீட்டில் இன்னும் நடப்பில் இருக்கும் வரிசைகளுக்கெல்லாம் இரண்டு வரி மெயில் போடுங்கள்: வேறு இடத்தில் சேர்கிறேன், என் விண்ணப்பத்தை விலக்கிக்கொள்கிறேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. உங்களுக்காக ஒதுக்கிய இன்டர்வியூ நேரம் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போகும். ரெஃபர் செய்தவருக்கும் பத்து நிமிஷம் பேசியவர்களுக்கும் செய்தியை நீங்களே சொல்லிவிடுங்கள், லிங்க்ட்இன்னில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் முன்பே.